வெளியே வந்த நேரம்

ரிஜிஸ்டரின் கடைசி வரியில் உள்ளே போன நேரம் இருந்தது. வெளியே வந்த நேரம் இல்லை.

மருந்து ஆய்வாளர் அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். அதற்கு முந்தைய பக்கங்களில் ஆளுக்கு இரண்டு கையெழுத்து, போக ஒன்று, வர ஒன்று. அதற்குப் பிறகு வெறும் காகிதம். கடைசி வரியின் தேதி போன வருடத்தது. ஆனாலும் இந்தக் கலவைக்கூடத்திலிருந்து கண்ணில் போடும் ஊசி மருந்து தினமும் நாற்பது குப்பி டாக்டர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தேதியை அவள் மறக்கவில்லை. இந்த இடத்துக்கு லைசென்ஸ் தரலாம் என்று அவள் கையெழுத்துப் போட்ட நாள். அன்று, மருந்தைக் கலந்து குப்பியில் நிரப்பும் கலவை அறைக்குள் அவள் போகவில்லை. கவுன், தொப்பி, மாஸ்க், இரட்டைக் கையுறை என்று அரை மணி நேரம் வேஷம் கட்டவேண்டும். அவள் ஆபீஸில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளை உடுப்பில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து குப்பி நிரப்பிக்கொண்டிருந்தார். ‘உள்ளே சென்று பார்வையிட்டேன்’ என்று எழுதிவிட்டாள்.

இப்போதும் எட்டிப் பார்த்தாள். அதே முதுகு.

"ஊமைக்கோட்டான்னு கூப்பிடுவோம் மேடம்," என்றார் முதலாளி. "வாயத் திறக்கமாட்டாரு. லீவு கேக்கமாட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளு கிடைக்கணுமே."

வீட்டுக்கு எப்போது போவார் என்று கேட்டாள். முதலாளி சிரிக்கப் பார்த்தார். அந்த ஏசியிலும் மேலுதட்டில் வேர்வை. காலையில் வந்தால் சுவரிலுள்ள சின்ன ஜன்னலில் குப்பிகள் தயாராக இருக்குமாம், எடுத்து அனுப்புவார்களாம், உள்ளே யாரும் போவதில்லையாம். அப்படியானால் மூலமருந்தை யார் உள்ளே கொடுப்பது என்று கேட்டதற்கு, அவர் இன்று மருந்து போன டாக்டர்களின் பட்டியலை எடுத்து நீட்டினார்.

அவள் பையில் மூன்று புகார்கள் இருந்தன. மூன்று டாக்டர்கள், ஒருவரையொருவர் அறியாத மூன்று நோயாளிகள். ஊசி போட்டுக் கட்டுக் கட்டிய கண்ணில் ஒரு வெள்ளை அறை தெரிகிறது, கையுறை போட்ட இரண்டு கைகள் ஓயாமல் குப்பி நிரப்புகின்றன என்று மூவரும் சொல்லியிருந்தார்கள். மருந்தில் ஏதோ கலப்படம், மூளை குழம்புகிறது என்றுதான் அவள் நினைத்து வந்தாள்.

இன்றைய பட்டியலைப் புரட்டினாள். நாலாவது பெயர், அவள் கணவரின் கண் டாக்டர். மூன்றரைக்குக் கணவருக்கு ஊசி. காலையில் பயந்தவரைக் கேலி செய்தது அவள்தான்: "சின்னப்பிள்ளையாட்டம் பண்ணாதீங்க. நான் பாஸ் பண்ணின எடத்து மருந்துதான்."

கணவரின் போன் அணைந்திருந்தது. கிளினிக்கில் எடுத்த பெண், வாய்வார்த்தைக்கெல்லாம் டாக்டர் நிறுத்தமாட்டார், தடை உத்தரவு அனுப்புங்கள் என்று வைத்துவிட்டாள். உத்தரவு எழுத உள்ளேயிருந்து மாதிரிக் குப்பி எடுத்தாக வேண்டும். அவள் கையால்.

மணி இரண்டு ஐம்பது. முதலாளி ரிஜிஸ்டரை நீட்டினார். காலிக் கட்டத்துக்குக் கீழே, உள்ளே போகும் நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். கலவை அறைக்குள் போன் கூடாது என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுக்கிறவள், கணவர் கூப்பிட்டால் வேண்டுமே என்று அதைக் கவுனுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது திறந்தது. கூரையிலிருந்து காற்று ஒரே சுருதியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் நெடிக்கு அடியில், வெகுநாள் கழற்றாத கையுறைக்குள்ளிருந்து வருவது போன்ற புளித்த வாடை. வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, நிழலே விழாத வெளிச்சம். குப்பி மேஜையைத் தொடும் சத்தம் மட்டும், சொல்லிவைத்தாற்போல். டக். டக்.

"சார்."

டக்.

இன்னும் இரண்டடி நெருங்கினாள். மேஜையில் மருந்து பாட்டில் எதுவும் இல்லை. காலிக் குப்பிகள். ஒரு ஊசி. ஊசி வெறுமையாக மேலே போயிற்று. மாஸ்க்குக்கு மேலே. கண்ணுக்குள். நிறைந்து இறங்கியது.

டக்.

பின்னால் நகர்ந்தாள். திரும்பினாள். கதவு. கைப்பிடி அசையவில்லை. கவுனுக்குள் போன் அதிர்ந்தது. இழுத்துக் காதில் வைத்தாள்.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார் கணவர். "முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. வலியே இல்ல."

கைப்பிடியை மறுபடி இழுத்தாள். டக் சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. கட்டுப்போட்ட கண்ணுல என்னமோ தெரியுது. வெள்ளை டிரஸ்ல ஒரு பொம்பளை. முதுகைக் காட்டிட்டு நிக்கிறா. காதுல போன் வெச்சிருக்கா."

நாற்காலி தரையில் உரசியது.

கண்ணாடிக்கு அப்பால் முதலாளி ரிஜிஸ்டரை மெதுவாக மூடினார்.

"கிட்ட வருதும்மா," என்றார் கணவர். "தொப்பிக்குக் கீழ கழுத்து தெரியுது. அதுல ஒரு மச்சம். உனக்கு இருக்கே, அதே மாதிரி."