நீலப் பென்சில்

கம்பவுண்டர் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் கைப்பிடியை விடவே இல்லை. பழைய வீடு. படிகள் உயரமும் தாழ்வுமாக ஏறுமாறாகக் கிடந்தன. போன மாதம் இதே படிகளில் கால் தவறித்தான் கம்பவுண்டர் உயிரை விட்டார்.

மாடியறை முழுக்கத் துப்பறியும் நாவல்கள். சன்னல் சாத்தியே இருந்ததில் கிராம்பு வாசனை போகவில்லை. மனிதர் எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கண்ணா. உங்களுக்குத்தான்னு அடிக்கடி சொல்வார்," என்றாள் கம்பவுண்டரின் மனைவி.

"அந்த நீலப் பென்சில்?"

"சட்டைப் பையிலேயே இருந்துச்சு. அப்படியே அவரோட அனுப்பிட்டோம்."

நண்பர்கள் இருவருக்கும் துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். புது நாவல் வந்தால் ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். கொலையாளி யாரென்று பிடிபட்டதுமே அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. கம்பவுண்டருக்கு நீலம், கண்ணாடிக்காரருக்குச் சிவப்பு. முடித்ததும் இரண்டு பிரதியையும் அருகருகே விரித்துப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் நீலம்தான் முந்தியிருக்கும்.

சினிமாவிலும் அதே கதைதான். கொலைகாரன் திரையில் தலைகாட்டியதும் கம்பவுண்டர் தொண்டைக்குள் "ஹ்ம்" என்று கனைப்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்ணாடிக்காரருக்குப் படமே கசந்துவிடும். வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு, "அண்ணனுக்கு இருக்கறது மூளை! நீங்களும்தான் அத்தனை புஸ்தகம் படிக்கறீங்க," என்று எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றுவாள்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் அதைச் செய்தார். கம்பவுண்டர் புதுக் கண்ணாடிக்கு வந்தபோது, பரிசோதித்த பவர் ஒன்று, போட்டுக்கொடுத்த பவர் வேறு. எழுத்து கலங்கட்டும், நாலு துப்பு கண்ணுக்குத் தப்பட்டும், ஒரே ஒரு தடவை நான் ஜெயிக்கிறேன் என்று நினைத்தார். கொல்ல நினைக்கவில்லை. எழுத்தோடு படியும் கலங்கும் என்பது கண்ணாடிக்காரருக்கே தோன்றாமல் போனதுதான் கொடுமை.

இனி போட்டிக்கு ஆளில்லை. ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து புது நாவலின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். பாதிக் கதையில் கொலையாளி பிடிபட்டான். சிவப்புப் புள்ளியை அழுத்தி வைத்தார். அந்த ஆள் முதலில் எங்கே வந்தான் என்று பார்க்கப் பின்னால் புரட்டினார்.

படித்து முடித்த பக்கம். சற்றுமுன் வெறுமையாக இருந்த ஓரம்.

அங்கே ஒரு நீலப் புள்ளி.

ரப்பரால் அழித்தார். பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

இருந்தது.

பயத்துக்கு முன் பொறாமைதான் பொங்கியது. 'செத்தும் என்னை முந்தவிட மாட்டேங்கறானே!'

அன்று மாலை வீட்டில் கொலைப்படம் ஒன்றைப் போட்டார். தோட்டக்காரன் வேடத்தில் ஒருவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.

பக்கத்திலிருந்த காலி நாற்காலியிலிருந்து ஒரு கனைப்பு.

"ஹ்ம்."

"யாருங்க வந்திருக்கா?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள். கிராம்பு வாசனை மெல்லக் கண்ணாடிக்காரரைச் சுற்றிக்கொண்டது.

மறுநாள் கம்பவுண்டரின் மனைவி கடைக்கு வந்தாள். கையில் கண்ணாடிக்கூடு.

"அவரோடதுண்ணா. யாருக்காவது உதவும்."

மூடியில் கடைப் பெயரும், பக்கத்தில் கண்ணாடிக்காரரின் சிரித்த முகமும் அச்சாகியிருந்தன. அந்த முகத்தின் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி.

"இது... எப்ப வெச்சது?" புள்ளியைக் காட்டிக் கேட்டார்.

"நீங்க கண்ணாடி குடுத்த அன்னிக்கே. போட்டுப் பார்த்தார், கழட்டினார், ஹ்ம்னு கனைச்சுக்கிட்டே புள்ளியை வெச்சார். 'சரியாத் தெரியலேன்னா மாத்திக் கேளுங்களேன்'னு சொன்னேன். 'வேண்டாம், ஒரு தடவை அவன் ஜெயிக்கட்டுமே'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலண்ணா."

கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். தெரிந்தே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். விட்டுக்கொடுப்பதிலும் அவனே முந்திக்கொண்டான் என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரிலும் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தது.

அவள் படியிறங்கிப் போனாள். அடுத்து ஒரு டீச்சர் தன் கண்ணாடியை வாங்க வந்தார். அச்சகத்திலிருந்து காலையில்தான் வந்திறங்கிய கூடுகளின் கட்டைக் கண்ணாடிக்காரர் பிரித்து, ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உங்க மூஞ்சி பக்கத்துல இது என்ன சார், நீலமா?"

இன்னொன்றை எடுத்தார். வேறொன்று. கட்டு முழுவதையும் மேசைமேல் கொட்டினார்.

எல்லா முகத்தின் ஓரத்திலும் இருந்தது.

டீச்சர் பின்வாங்கி, அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார், உள்ள யாரோ கனைக்கறாங்க."