ஏழு சுற்று நேர்த்தி

மனிதன் கடவுளுக்குக் கொடுக்கக்கூடிய காணிக்கைகளில் ஆக உயர்ந்தது அவனுடைய உடம்பின் வேர்வைதான். ஈஸ்ட் ஹாமில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூசைதாசன் அப்படித்தான் சொன்னார். நெஞ்சடைப்பிலிருந்து உயிர் பிழைத்ததற்கு நன்றியாக, இத்தாலியில் காட்டுக்கு நடுவே கிடக்கும் ஓர் ஏரியை, ஒரு வாகனமும் போகாத சரளைக்கல் பாதையில், நாளுக்கு ஒரு சுற்றாக ஏழு நாள் சைக்கிளில் சுற்றி வருவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வருகிற பெருநாளில் அந்தோனியாரின் சுருவச் சிலையைத் தோளில் தூக்கும்போது முன் வலது தோள் சூசைதாசனுடையது என்று அங்கேயே தீர்மானமானது. பத்து வருடமாக அந்த இடத்தில் நின்ற பெனடிக்ற் பின்வரிசைக்குப் போகவேண்டியதாயிற்று.

அந்த உயர்ந்த காணிக்கை இப்போது அவருடைய வீட்டு மாடியில், பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில், திரைச்சீலை இழுத்து மூடிய பகல் இருட்டில், பழைய கம்பளத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

இத்தாலிக்குப் போகத்தான் இருந்தார். பழகிப் பார்ப்பதற்காகப் பூங்காவின் சரளைப் பாதையில் ஓடியபோது மூன்று தரம் விழுந்தார். சப்பாத்து பெடலில் பூட்டிக்கொள்ளும் சாதி, விலை கூடியது, கழற்றும் வித்தை அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் தரம் சைக்கிளோடு ஒட்டியபடி கிடந்தவரின் முகத்தை ஒரு நாய் ஆறுதலாக நக்கியது. அடுத்த நாளே பின்சில்லைப் பூட்டி நிறுத்தும் இரும்புத் தாங்கி ஒன்று வீட்டுக்கு வந்தது. கூடவே, அந்த ஏரியை யாரோ சைக்கிளில் சுற்றி வந்து எடுத்த வீடியோப் படம். பெடலை உழக்கினால் தொலைக்காட்சித் திரையில் பாதை நகரும். நிறுத்தினால் நிற்கும்.

"நேர்த்திக்கடன் உழக்கிறதுதானே," என்றார் மனைவி டொலறஸிடம். "எங்கை நிண்டு உழக்கிறது எண்டு அந்தோனியார் கேக்கேல்லை."

"நீங்கள்தானே மைக்கிலை இத்தாலி எண்டு சொன்னீங்கள். சனம் கேட்டால்?"

"இத்தாலியிலை நிக்கிறார் எண்டு சொல்லும்."

"நான் பொய் சொல்ல மாட்டன். வீட்டிலை இல்லை எண்டு சொல்லுறன்."

"அதென்ன, பொய் இல்லையே?"

"அது சின்னப் பொய்."

இப்படியாக அவர் வீட்டிலில்லாமல் வீட்டிலிருந்தார். பின்னேரங்களில் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு அறிக்கை போனது. மூன்றாம் நாள் எழுதியது அவருக்கே மயிர்க்கூச்செறிய வைத்தது: *அந்தோனியார் என் பின்னாலேயே வருவதை உணர்கிறேன்.* நாற்பத்தொரு பேர் கை கூப்பினார்கள். பெனடிக்ற் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நாலாம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பாதையோரத்தில் ஒரு வாழைப்பழத்தோல் கிடந்தது.

மூன்று நாளும் அந்தப் பாதையில் ஒரு தூசி கிடக்கவில்லை. பைன் மரங்களும், கற்கள் நெரிபடும் சத்தமும், இடது பக்கத்தில் கரும்பச்சையாய் அசையாமல் கிடக்கும் தண்ணீரும்தான். சூசைதாசன் மெதுவாக உழக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார். தோலின் காம்பில் பழக் கம்பனியின் நீல ஒட்டி. நேற்று இதே வளைவில்தான் அவர் ஒரு பழத்தை உரித்துத் தின்று, தோலைப் பக்கத்திலிருந்த ஐஸ்கிறீம் வாளிக்குள் போட்டார். சளித் தடிமன் பிடித்திருந்ததால் இரண்டு தரம் காறி அதற்குள்ளேயே துப்பியும் வைத்தார். வாளியைக் குனிந்து பார்த்தார். துடைத்துக் கழுவியதுபோல் வெறுமையாக இருந்தது. நிமிர்ந்தபோது திரையில், தோலுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கல்லின்மேல், மஞ்சளும் பச்சையுமாய் ஏதோ திரண்டு, வெயில் பட்டு மினுங்கியது.

தன்னுடைய சளியை இத்தாலியில் கண்ட மனிதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

டொலறஸ் வாளியைக் கழுவியிருப்பாள் என்று தன்னைத் தேற்றினார். விடிய ஷிப்டுக்குப் போகமுதல் அவள் இந்த அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "குளிச்சுப்போட்டு ஏறுங்கோவன். மீன் செத்த மாதிரி மணக்குது," என்றாள். அவளுக்கு எப்போதும் மூக்கு நீளம் என்று அவர் எண்ணினார். இப்போது அவருக்கும் மணந்தது. மீன்கடைக்குப் பின்னால் ஐஸ் உருகி, செதிளும் குடலும் ஊறி, சாக்கடைக் கானுக்குள் மூன்று நாள் தேங்கி நிற்கும் தண்ணீரின் நாற்றம். அதற்குள்ளே நனைந்த துணியின் புளிப்பும், பைன் பிசினின் இனிப்பும் கலந்து, முதுகுப்பக்கம், கதவு இருக்கும் பக்கமிருந்து, மெல்ல மெல்ல வந்து கழுத்தில் படிந்தது.

தொண்டையை நனைக்கப் போத்தலை எடுத்து உறிஞ்சினார். தண்ணீரோடு வழுவழுவென்று ஒன்று நாக்கில் ஏறி உள்நாக்கைத் தடவியது. ஓங்காளித்தபடி விரலை விட்டு இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழ நீளத்துக்குப் பாசி. பாசிக்குள் சுற்றிக்கொண்டு தலைமயிர். முகம் துடைக்க எடுத்த துவாய் குளிர்ந்து பிசுபிசுத்தது. துடைத்த கன்னத்தில் செதிள்கள் ஒட்டின.

இறங்கிவிட நினைத்தார். சப்பாத்தின் பட்டியைத் தளர்த்திக் காலை உருவவேண்டும். அதற்குக் குனியவேண்டும். குனிய முதல் திரையைப் பார்த்துவிட்டார்.

தூரத்தில், பாதையில், ஒருவர் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்.

தடித்த முதுகு. பெரிய வெள்ளை ரீசேட். சூசைதாசன் உழக்குவதை மெதுவாக்க, அந்த முதுகு பெரிதாகி வந்தது. முதுகில் அந்தோனியாரின் படம். படத்துக்குக் கீழே *ஏழு சுற்று*. அந்த ரீசேட்டை உலகத்தில் ஒருவர்தான் அடிப்பித்தார், ஒன்றுதான் அடிப்பித்தார், அதை இப்போது போட்டுக்கொண்டும் இருந்தார். உச்சந்தலையில், வெற்றிலையளவு வழுக்கை. சூசைதாசன் கையைத் தூக்கித் தன் உச்சியைத் தொட்டார். திரையில் இருந்தவரும் தொட்டார்.

படத்தை எடுத்தவன் யார் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

அவன் இப்போது அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். மூச்சு கேட்டது. சளி நிறைந்த, தண்ணீருக்குள்ளால் வாங்குகிற மூச்சு. அதற்கிடையில் கம்பளத்தில் சொட்டுகிற சத்தம். அந்தோனியாராக இருக்கும் என்று நினைக்க முயன்றார். அந்தோனியார் இப்படி நாறமாட்டார்.

உழக்கினார். வேகமாக உழக்க, திரையில் முதுகு சிறுத்தது. மூச்சு பின்தங்கியது. இன்னும் உழக்கினார். தாங்கி ஊளையிட்டது. நிலம் அதிர்ந்தது. அடைப்பு எடுத்த நெஞ்சு திமிறியது. மூன்று மணிக்கு டொலறஸ் வருவாள். மூன்று மணி வரைக்கும் உழக்கலாம். உழக்கவேண்டும்.

அப்போது வாசல் மணி அடித்தது.

கடிதம் போடும் தகடு திறபட்டது. "டொலறஸ் அக்கா, நான் றஜீனா." பங்குச் செயலாளரின் குரல். "பெருநாள் தாள் தர வந்தனான்."

"அவ ஷிப்டிலை நிப்பா. உதுக்குள்ளாலை போட்டிட்டு வாரும்." பெனடிக்ற். அந்தக் குரலை அவர் கல்லறைக்குள் கிடந்தாலும் கண்டுபிடிப்பார்.

"பொறுங்கோ அண்ணை. மேலை ஏதோ ஓடுது."

"வோஷிங் மெஷினாக்கும்."

"வோஷிங் மெஷின் இப்பிடி மூச்சு வாங்குமே?"

தகடு இன்னும் கொஞ்சம் திறபட்டது. பிறகு பெனடிக்ற், ஆறுதலாக, சீனியைக் கரைக்கிற மாதிரி: "சைக்கிள் உழக்கிற சத்தம் மாதிரியும் கிடக்கு. சூசை அண்ணை இத்தாலியிலை எல்லோ நிக்கிறார்?"

"ஓம், இத்தாலியிலைதானே."

"அப்ப கொஞ்சம் நிண்டு கேப்பம்."

கத்தலாம். ஒரு 'ஐயோ' போதும். பெனடிக்ற் பெரிய தோள்காரன். கதவை உடைத்துக்கொண்டு வருவான். வந்து பார்ப்பான். இரும்புத் தாங்கியைப் பார்ப்பான். தொலைக்காட்சியைப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று சொல்லுவான். இன்னொருவர் கேட்க மறுபடியும் சொல்லுவான். சாகுமட்டும் சொல்லுவான்.

சூசைதாசன் உழக்குவதை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியது. திரையில் அந்த முதுகும் நின்றது. மரங்கள் மட்டும் நிற்கவில்லை. பாதையும் நிற்கவில்லை. படம் எடுத்தவன் நிற்கவில்லை.

முதுகு பெரிதானது.

கற்கள் நெரிந்தன. திரையில் அல்ல. கம்பளத்தில்.

"நிண்டிட்டுது," என்றாள் றஜீனா கீழே.

"ம்," என்றான் பெனடிக்ற்.

முதுகு திரை நிறைய வந்தது. அந்தோனியாரின் முகம். பிறகு முகம் மட்டும். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. வெள்ளைக் கை. ஊறி வெடித்த தோல். நகங்கள் இல்லை. விரலிடுக்கில் நீல ஒட்டியோடு வாழைப்பழத்தோல்.

சூசைதாசன் வாயைத் திறந்தார்.

பெனடிக்ற் கீழே நிற்கிறான்.

வாயை மூடினார்.

"ஒண்டுமில்லை அண்ணை. வாங்கோ, போவம்." தாள் விழுந்தது. தகடு மூடியது. செருப்புச் சத்தம் தெருவுக்குப் போனது.

ஈரமான ஐந்து விரல்கள் அவருடைய வலது தோளில் வந்து அமர்ந்தன. சுருவம் தூக்குகிற தோள். விரல்களின் தோல் வழுக்கிக் கழன்று, ரீசேட்டில் ஒட்டியது. காதுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ வடிந்தது. திரையில், அசையாமல் நின்ற அந்த வழுக்கைத்தலை, மெல்ல, அவர் திருப்பாமலே, பின்பக்கம் திரும்பத் தொடங்கியது.

கம்பளத்தில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. அது முழுவதும் ஏரித் தண்ணீர் அல்ல, கொஞ்சம் அவருடைய காற்சட்டையால் வடிந்தது.