செவலை நின்ற வளைவு

ஊற்று வளைவுக்கு இன்னும் இரண்டு திருப்பங்கள் இருக்கும்போதே செவலைக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஏர் பிரேக் எனும் காற்றுத்தடை புஸ், புஸ்ஸென்று தானாகவே இறுகித் தளர்ந்தது. முன்கண்ணாடிக்கு மேலே, பயத்தை அளந்து காட்டும் அச்சமானியில் எண் நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறியது. பச்சையாக எரிந்த விளக்குப்பட்டை மஞ்சளானது.

"ஏனுங்க அம்மிணி, ஆரம்பிச்சுருச்சாட்ட இருக்குது," என்றார் நடத்துனர் நாச்சிமுத்து. அந்தச் சிவப்புப் பேருந்துக்குப் போக்குவரத்துத் துறை கொடுத்தது ஒரு நீண்ட எண். தன் வீட்டு மாட்டின் பெயரை எடுத்துச் செவலை என்று வைத்தவர் அவர்தான்.

"ஆரம்பிக்கட்டும்ணா. ஏறுனாத்தானே இறங்கும்," என்றாள் செவ்வந்தி. முன்பு ஓட்டுநர் இருக்கை இருந்த வெற்று மேடையில் அவள் நின்றிருந்தாள். உள்ளங்கை முன்பலகையின் மேல் இருந்தது. குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் வண்டியோடு பேசினாள். "ஒண்ணுமில்ல. மெதுவா. நான் இங்கதான் இருக்கேன்."

பின்னால் கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ரோசம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ நெஞ்சு வலி வந்துச்சு. அவருக்குக்கூட யாரும் இவ்வளவு பதமாப் பேசல."

பேருந்தில் இருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒவ்வொருவரும் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கையிலும் அச்சமானி இருந்தது. மூன்று, நான்கு. மலை ஏறும்போது அது இயல்புதான்.

அன்று நடந்தது கடைசிச் சோதனை ஓட்டம். பயணிகளோடு ஊற்று வளைவைக் கடக்காவிட்டால் மறுநாளே செவலையின் பயம் குடியிருக்கும் அஞ்சுகருவைப் பிடுங்கிவிடுவதாகத் துறையில் சொல்லிவிட்டார்கள். பயம் இல்லாத வண்டியை மலையில் விடமாட்டார்கள்; பிறகு அது சமவெளியில் எங்காவது ஓடும். மேலே இருந்த மூன்று தோட்டங்களுக்கும் மழைக்காலத்தில் வேறு பேருந்து கிடையாது. செவ்வந்தியின் நான்கு மாத உழைப்பும் அதோடு போகும்.

ஒரு காலத்தில் தானோட்டி வண்டிகளுக்குப் பயம் என்பதே இல்லை. வெள்ளத்தில் பாலம் தாங்குமா என்று கணக்குப் போடும். தாங்கவே வாய்ப்பு அதிகம் என்று விடை வந்தால் இறங்கிவிடும். அப்படி இறங்கியவற்றில் சில கரையேறவில்லை. அதன் பிறகுதான் மனித மூளையைப் பார்த்து அஞ்சுகருவைச் செய்தார்கள். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, வாதுமைப் பருப்பு அளவில் நமக்கும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அறிவு யோசித்து முடிப்பதற்குள் அது காலைப் பின்னுக்கு இழுத்துவிடும். மிதிக்கப்போனது பாம்பா, அறுந்த செருப்புவாரா என்ற விசாரணையெல்லாம் பிறகு.

அஞ்சுகரு வந்த பின் விபத்துகள் குறைந்தன. ஆனால் பயம் இருக்கிற இடத்தில் பயந்துபோவதும் இருக்கும் அல்லவா? ரயில்வே கேட்டைக் கண்டாலே நடுங்கும் லாரிகள் வந்தன. நாய் குரைத்தால் சந்துக்குள் நுழைய மறுக்கும் ஆம்புலன்ஸ்கள் வந்தன. அவற்றுக்கு வைத்தியம் பார்க்க, செவ்வந்தியைப் போன்ற அச்சம் தணிப்பவர்கள் வந்தார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் ஊற்று வளைவில் செவலையின் கூரைமேல் ஒரு பாறை விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடுத்த நாளிலிருந்து செவலை அந்த வளைவுக்கு வரவில்லை.

செவ்வந்தி வைத்தியத்தை, பேருந்து நிற்கும் கொட்டகையிலிருந்து தொடங்கினாள். கல் உருளும் ஓசையைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஒலிக்கவிட்டாள். பிறகு கொஞ்சம் கூட்டினாள். கூரைமேல் உளுந்து தூவினாள், பிறகு கூழாங்கல். அதன் பிறகு மலைச்சாலை, முதல் வளைவு, அடுத்த வளைவு. எந்தப் படியிலும் விதி ஒன்றுதான்: எண் உச்சத்தில் இருக்கும்போது விலகக் கூடாது. விலகினால், விலகியதால்தான் பிழைத்தோம் என்று அஞ்சுகரு எழுதிக்கொள்ளும். பயம் இன்னும் தடிக்கும். அசையாமல் நின்றால் அலை தானாக அடங்கும். மூன்றுக்குக் கீழே வந்த பிறகுதான் அடுத்த அடி.

மனிதர்களுக்கும் அதே வைத்தியம்தான். நாய், இருட்டு, மேடை என்று பள்ளியிலேயே ஒவ்வொன்றாகப் பழக்கிவிடுவார்கள். 'நில், பார், இறங்கும்' என்று சுவரில் எழுதியிருக்கும். அந்த மலையில் பயந்து ஓடிய மனிதரைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. செவ்வந்தியின் மணிக்கட்டில் எண் இரண்டைத் தாண்டியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செவலை திரும்பி ஊற்று வளைவுக்குள் நுழைந்தது.

எண் ஏழுக்குத் தாவியது. உடனே எட்டு. வண்டி நடுச்சாலையில் நின்று தன் உடலைத் தரையோடு தாழ்த்திக்கொண்டது. விளக்குகள் படபடவென்று இமைத்தன. ஒன்பது.

"நில்," என்றாள் செவ்வந்தி. "பாரு. இறங்கும்."

மழை தூறிக்கொண்டிருந்தது. கோழிகூடக் கத்தவில்லை. எல்லோரும் முன்னால் எரிந்த எண்ணையே பார்த்தார்கள். நெடுநேரம் ஒன்பதிலேயே நின்ற எண் எட்டானது. பிறகு ஏழு. நாச்சிமுத்து மெல்லக் கைதட்டினார். செவ்வந்தி விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கினாள். அவள் மனம் துள்ளியது. ஆறு. பழைய பயம் அழிவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதன்மேல் புதிய நினைவு ஒன்று படிகிறது, அவ்வளவுதான். அது படிகிற நேரம் இதுதான்.

மகிழ்ச்சியில் அவள் வெளியே பார்த்தாள். வளைவுக்குப் பெயர் கொடுத்த ஊற்றைப் பார்த்தாள்.

பாறை இடுக்கில் செருகிய மூங்கில் வழியாக எந்தக் கோடையிலும் தண்ணீர் கொட்டும். போன வாரம்கூட அதில் முகம் கழுவினாள். இன்று, இத்தனை மழையில், மூங்கில் காய்ந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருமியது. காபி நிறத்தில் சேறு பீறிட்டு வந்தது. அதற்கு மேலே நின்ற சில்வர் ஓக் மரம் ஒன்று, யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல மெதுவாகச் சாய்ந்தது.

மலை நகர்கிறது. செவலை இன்று பயந்தது போன ஐப்பசிப் பாறைக்கு அல்ல. காலடியில் அசைகிற மண்ணுக்கு.

"போ செவலை," என்றாள். "போயிரு. மேல போ."

ஐந்து.

சொல் அவசரமாகத்தான் இருந்தது. குரல்தான் மாறவில்லை. நான்கு மாதம் தாலாட்டிய குரல் அது. அதைக் கேட்டு வண்டி இன்னும் அமைதியானது. மூன்றுக்குக் கீழே இறங்கும்வரை நகரக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவளே அவள்தான். திருப்புவதற்கு ஸ்டீயரிங் இல்லை. அழுத்துவதற்குப் பெடலும் இல்லை.

"எல்லாரும் இறங்குங்க! மலை சரியுது!"

பயணிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சன்னலைப் பார்த்தார்கள். முகங்கள் வெளுத்தன. பிறகு, ஒருவர் பின் ஒருவராக, மணிக்கட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"எனக்கு எட்டும்மா," என்றாள் ரோசம்மா. குரல் நடுங்கினாலும் இருக்கையிலிருந்து எழவில்லை. "இரு, ஏழாயிடுச்சு. இறங்கிட்டு இருக்கு. பதறாத."

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க!"

"உச்சத்துல ஓடக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார் நாச்சிமுத்து. கண்களை மூடி, மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி தன் கையைப் பார்த்தாள். இரண்டு.

தலைக்கு மேலே மலை வருகிறது. அவள் கையில் இரண்டு. அந்த எண்ணைக் கண்டு அருவருப்பு வந்தது, பயம் வரவில்லை.

கதவைத் திறந்து குதித்தாள். அவள் உள்ளே இல்லாததை உணர்ந்ததும் செவலையின் எண் மறுபடி ஏறியது. ஆறு. சாலையில் நின்றவளை அதன் பக்கவாட்டுக் கேமராக் கண் தேடிப் பிடித்தது. உடனே ஐந்து. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. செவலை எந்தப் பயத்தையும் வெல்லவில்லை. அவள் இருந்தால் ஆபத்து இல்லை என்று மட்டும் கற்றிருந்தது. கூழாங்கல்லும் கல் உருளும் ஓசையும் வளைவும் அவள் அருகில் இருந்ததால்தான் சிறுத்துப் போயின. அவள் அதன் தாயத்து.

தாயத்தை அறுக்க வேண்டும்.

சாலையில் கிடந்த கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினாள். பேருந்தின் பின்பக்கம் ஓடினாள். மேலே சாலை வளைந்த இடத்தில் வெறும் பாறைச் சுவர்தான். அங்கே சரிய மண் இல்லை. வண்டி முன்னால்தான் போக வேண்டும். பின்கண் அவளைப் பார்த்துத் திரும்பியது. தினமும் காலையில் தூசி துடைத்துவிடும் கை எப்போதும் போல வருகிறது என்று நினைத்ததோ என்னவோ, மூடியைத் திறந்து காத்திருந்தது.

"ஓடு!" என்று கத்திக்கொண்டே கல்லை அதில் இறக்கினாள். கண்ணாடி நொறுங்கியது. "ஓடுடா சனியனே! ஓடு!"

செவலையிடமிருந்து அதுவரை கேட்டிராத ஓசை ஒன்று எழுந்தது. காற்றுத்தடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விட்ட அலறல் அது. பட்டை முழுவதும் சிவந்தது. பத்து. சக்கரங்கள் சேற்றில் வழுக்கி, பிடித்து, உள்ளே ஆட்கள் உருண்டு கூச்சலிட, சிவப்பு வண்டி வளைவைச் சுற்றி மேலே பாய்ந்து மறைந்தது.

செவ்வந்தி தனியாக நின்றாள். பின்னால் மரங்கள் முறியும் சத்தம் நெருங்கியது. கால்கள் எழவில்லை. காலைத் தூக்கிவிடுகிற அந்த முடிச்சை அவள் வெகுநாள் முன்பே தூங்க வைத்திருந்தாள். மணிக்கட்டில் இரண்டு. மூன்று. சீக்கிரம் வா என்று அதைக் கெஞ்சினாள். முதல் கல் முதுகில் பட்டது. ஐந்து. எட்டு. அடிவயிற்றிலிருந்து சிறுவயதில் மறந்துபோன ஒரு அலறல் கிளம்பியது.

அவள் கீழ்நோக்கி ஓடினாள்.

சாலையைச் செப்பனிட்டு முடிக்க மாசி ஆகிவிட்டது. நாச்சிமுத்துவுக்கு நெற்றியில் தையல், ரோசம்மாவுக்கு மணிக்கட்டில் முறிவு. உயிர் போனது கோழிக்கு மட்டும்தான். துறையின் அறிக்கையில், பயணிகளோடு வண்டி ஊற்று வளைவைக் கடந்துவிட்டதாகவும் சிகிச்சை முழு வெற்றி என்றும் எழுதியிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. செவலையின் அஞ்சுகரு அப்படியே விட்டுவைக்கப்பட்டது.

பிறகு நாச்சிமுத்துவிடமிருந்து அழைப்பு வந்தது. "மழைக்கு, இடிக்கு, வளைவுக்கு எதுக்கும் மூணத் தாண்டறதில்லீங்க. பயமெல்லாம் வேற பக்கம் திரும்பிருச்சாட்ட இருக்குதுங்க. ஆனா நேத்து டீச்சரம்மா ஒருத்தங்க கை காட்டுனாங்க. உங்களாட்டமே ஒசரம், தோள்ல பை. பாத்ததும் நிக்காமப் போயிருச்சு. போன வாரமும் ரெண்டு பொம்பளைங்கள உட்டுட்டு ஓடிருச்சு. நீங்க வந்தாத்தானுங்க ஆகும்."

அவள் மேலே போனாள். கொட்டகை வாசலுக்கு அவள் வந்ததுமே செவலை பின்வாங்கியது. பின்சுவரில் முட்டி, இன்னும் பின்வாங்கப் பார்த்தது. பத்து.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. முதலில் அவளுடைய படம். பிறகு எட்டத்திலிருந்து குரல். பிறகு வாசல். பயப்படுகிற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தப் பொருளாக அவள் இருந்ததில்லை.

பின்பக்கத்தில் புதிதாகப் பொருத்திய கண் அவள் பக்கம் மெல்லத் திரும்பியது. அதைப் பார்த்ததும் கையில் கல்லின் கனம் திரும்பி வந்தது. முறியும் மரங்களின் சத்தம் காதுக்குள் கேட்டது. அவள் மணிக்கட்டில் ஐந்து, ஏழு, எட்டு. கால் தானாக ஓரடி பின்னால் போனது.

"உங்களுக்குமா?" என்று நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "செரியாப் போச்சு. இப்ப யாரு யாருக்கு வைத்தியம் பாக்கறதுங்க?"

அவளால் சிரிக்க முடியவில்லை. இருவரில் ஒருவராவது அமைதியாக இருந்தால்தான் இந்த வைத்தியம் நடக்கும்.

நாச்சிமுத்து வழக்கம்போல இரும்புக் கதவை இழுத்துச் சாத்தப் போனார். பயிற்சி நேரத்தில் வண்டி தப்பி ஓடிவிடாமல் இருக்கக் கதவைப் பூட்டச் சொன்னவள் அவள்தான்.

"பூட்டாதீங்கண்ணா," என்றாள் செவ்வந்தி. "ரெண்டு பக்கக் கதவையும் தெறந்து வைங்க. ஓடணும்னு தோணுச்சுன்னா ஓடட்டும்."

"செவலையுங்களா?"

"செவலையும்தான்," என்றாள். கதவிலிருந்து விலகி, தனக்கும் வழி இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாசலோரமாக உட்கார்ந்தாள்.