சூடு ஆறாத பலகை

நிறுவனம் கொடுத்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்த மதியம் மழை பெய்துகொண்டிருந்தது. மாமியார், மருமகள், இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ். வாசலிலேயே நின்ற மாமியார் சுவரை விரலால் சுண்டிப் பார்த்தாள். வெறும் டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

“இது செங்கல் இல்லையா?”

“இல்ல அத்தை. நாங்க பொறுக்கிப் போடுற பிளாஸ்டிக்கை உருக்கிச் செஞ்ச பலகை. கதவு, பெஞ்சு, வாளி எல்லாமே அதுதான்.”

மூட்டை தூக்க உதவிக்கு வந்திருந்தவளை ஆலையில் ‘ரேடியோ’ என்பார்கள். வாய் ஓயாது. மருமகளோடு, குப்பை ஓடும் ஒரே பெல்ட்டருகே நின்று பிரிப்பவள்.

“குப்பையிலயே கட்டின வீடு. கூட்டாம விட்டாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்கடி” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

அது வெளியாட்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டத் தொடங்கியிருந்த மாதிரி வீடு. மருமகளின் கணவன் காணாமல் போன பிறகு அதைக் கட்டி முடித்து இவர்களுக்கு ஒதுக்கினார்கள். அவன் அரவை எந்திரத்தின் வாயருகே வேலை பார்த்தவன். காலையில் உள்ளே போனவன் வெளியே வரவில்லை. பின்மதில் ஏறிக் குதித்து எங்கோ ஓடிவிட்டான் என்றது நிர்வாகம். ஓடிப்போனவனின் பெண்டாட்டிக்கு எந்த நிர்வாகமும் வீடு கொடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மாமியாருக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. மகன் வந்தால் தட்ட வேண்டியிருக்கக் கூடாது என்று கதவைத் தாழிடாமலே வைத்திருந்தாள். மருமகள் அந்த அளவுக்கு ஆசைப்படவில்லை. அவன் இல்லையென்றால், மண்ணில் வைத்து மூட ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மழை விடவில்லை. சுவரெல்லாம் ஜில்லென்று இருந்தது. ஈரத் துணியை உலர்த்த உள்ளறைக்குப் போனவள், கட்டிலை ஒட்டிய பலகையில் தற்செயலாகக் கை வைத்தாள்.

சுட்டது.

அடுப்புச் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. பக்கத்துப் பலகையைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. மறுபடியும் இதைத் தொட்டாள். உருகிய பிளாஸ்டிக்கின் நெடிக்கு அடியில், ஷிப்ட் முடிந்து வரும் அவன் சட்டையின் வியர்வை வாடை.

காதை வைத்தாள்.

முதலில் எந்திரத்தின் உறுமல், வெகு தூரத்தில் கேட்பதுபோல. அப்புறம் மூச்சு.

அப்புறம்,

“நிறுத்துங்க.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நான் லீவு. நீ இருந்த. என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

ரேடியோ டப்பாவை மூடினாள். அவள் குரல் தாழ்ந்தது. அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

“அரவை வாய் அடைச்சுக்கிச்சு. விளிம்புல ஏறி நின்னு காலால மிதிச்சாரு. வழக்கமா எல்லாரும் செய்றதுதானே? வழுக்கிடுச்சு. கத்தினாரு. எல்லாருக்கும் கேட்டுச்சுடி.”

“ஏன் நிறுத்தல?”

“உனக்குத் தெரியாதா? லைனை நிறுத்தினா உருளைக்குள்ள உருகின பிளாஸ்டிக் குழம்பு கல்லா இறுகிடும். குடைஞ்செடுக்கவே வாரக்கணக்கா ஆகும். யாராச்சும் நிறுத்துவாங்கன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே நின்னோம். நிறுத்திப் பழக்கமே இல்லடி எங்களுக்கு.”

உள்ளே போட்ட குப்பை அரைபட்டு, அரைபட்டது உருகி, உருகியது பலகையாகி வெளியே வரும் வரை அங்கே யாரும் எதையும் தொடுவதில்லை. அன்றும் தொடவில்லை.

மருமகள் அழவில்லை. நேராகப் போய் சூப்பர்வைசரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவர் பலகையில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டு, கையைச் சட்டையில் துடைத்தார்.

“இதை எனக்குக் குடுத்துடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம். யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். கொண்டுபோய்ப் புதைச்சிடறேன்.”

“ஆளு அனுப்பிக் கழட்டித் தரச் சொல்றேம்மா” என்றார். பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. பொய் சொல்லும் முகமாகவும் தெரியவில்லை.

அவள் வேலையில் இருந்தபோது ஆட்கள் வந்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், கட்டிலருகே புதுப் பலகை. பளபளவென்று, ஜில்லென்று.

“பழசு எங்க அத்தை?”

“வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க.” மாமியார் தயங்கினாள். “தூக்கும்போது அது முனகுச்சும்மா. எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சோ என்னவோ.”

ஓடினாள். ஆலை முற்றத்தில் வண்டி காலியாக நின்றது. கழற்றிய பலகை என்றால் கழிவு. கழிவு என்றால் அரவை. அரைத்ததை ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி போட வேண்டும். ஓட்டுநர் தினமும் செய்வதைத்தான் செய்திருந்தான். அதைத் தனியே வைக்கும்படி அவனிடம் சொல்ல சூப்பர்வைசர் மறந்திருந்தார்.

தூளாகிக் கொட்டியது ஏற்கெனவே எல்லாவற்றிலும் கலந்திருந்தது.

அதன் பிறகு ஆலையிலிருந்து வந்த எந்தப் பொருளும் முழுதாக ஆறவில்லை. வாளி, சீப்பு, நாற்காலி, தரைக்கல், குழந்தைகளின் டிபன் டப்பா. தொட்டால் இளஞ்சூடு. மழையில் அடுக்கி வைத்திருந்த பலகைகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு நாலா பக்கமும் போயின. எந்த லாரியின் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் அவள் கேட்டருகே நின்றாள்.

சூப்பர்வைசர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மகள் புது டிபன் டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுகிறாளாம். ரேடியோ சொன்னாள். அதுவும் ஒரே வரியில்.

மருமகள் தானாகவே கேட்டு, அரவை வாயருகே வேலை வாங்கிக்கொண்டாள். உடைந்த பொருள்கள் குப்பையாக மறுபடி பெல்ட்டில் வரத் தொடங்கியிருந்தன. நனைந்து சில்லிட்ட குப்பையின் நடுவே, சூடாக ஒரு சீப்பின் பல். ஒரு வாளியின் காது. பல்சக்கரம் இழுத்துக்கொள்ளும் முன் எட்டி எடுப்பாள். வீட்டில் கட்டிலுக்கடியில் சாக்கு நிறைந்தது. மாமியார் அதன்மேல் கை வைத்தபடி தூங்கினாள். எல்லாவற்றையும் சேர்த்துவிட முடியாது என்பது மருமகளுக்குத் தெரிந்தேயிருந்தது. அன்றைக்கு எடுத்ததைவிட அதிகமாக அன்றைக்கே லாரியில் போனது.

ஆனாலும் எட்டினாள். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உள்ளே.

“விளிம்புல ஏறாதடி” என்று ரேடியோ கத்துவாள். எந்திர இரைச்சலில் அது பாதிதான் கேட்கும்.

அன்று மதியம் ஒரு நாற்காலிக் கால் வந்தது. எங்கோ வெயிலில் கிடந்து வெளுத்துப்போனது. தொட்டபோது கை பொறுக்கவில்லை. அத்தனை சூடு எதிலும் இருந்ததில்லை. இதில்தான் அவன் அதிகம் இருக்கிறான் என்று நினைத்தாள். ஈரமான விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அதை எடுத்துக் காதோடு சேர்த்தாள்.

எந்திரத்தின் உறுமல். மூச்சு.

குரல் வந்தது.

அது அவன் குரல் இல்லை. ஒரு பெண்ணின் குரல்.

“அத்தை” என்று கூப்பிட்டது.

அது அவளுடைய சொந்தக் குரல். அவள் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை.