சுறா எண்ணெய் பூசிய ஜக்கெற்

"மன்னார்த் தீவில தோல் ஜக்கெற் போடுறவன் ஒண்டில் பைத்தியக்காரன், இல்லாட்டிக் காதலிக்கிறவன். ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான். கொஞ்ச நேரம் வெயிலில நிக்கிறது."

இந்த மாபெரும் உண்மையை அம்புறோஸ் ஒரு வியாழக்கிழமை காலை, மன்னார்ப் பசாரில், தன் மாமா யாகப்பரின் தையல் கடை மேசையில் ஏறியிருந்துகொண்டு உலகத்துக்கு அறிவித்தான். உலகம் என்பது அந்த நேரத்தில் பக்கத்துச் செருப்புக் கடை வஸீர் மட்டும்தான்.

அம்புறோஸ் யாழ்ப்பாணம் கம்பஸில் கடைசி வருஷம். அங்கே சுவர்ப் பத்திரிகையில் நையாண்டி எழுதுகிறவன் அவன்தான். மரண அறிவித்தல் வாசிக்கிற முகத்தோடு பகிடி விடுவான். லீவுக்கு வந்தவனிடம் மாமா கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு மடு மாதா திருவிழாவுக்குப் போயிருந்தார். கொழும்பிலிருந்து வந்த பழைய உடுப்புப் பொதியில் தவறி வந்த மூன்று தோல் ஜக்கெற்றுகள் இரண்டு வருஷமாகக் கொழுவியில் தொங்கின. அவற்றை யார் வாங்குவான் என்ற ஆராய்ச்சியில்தான் மேற்படி உண்மை பிறந்தது.

"அப்ப நான் எது?"

வாசலில் ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் ஹெல்மெற். மற்றக் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு.

"எனக்குத் தோல் ஜக்கெற் வேணும். பைத்தியக்காரி எண்டு எழுதுவீங்களோ, மற்றதெண்டு எழுதுவீங்களோ?"

அவளுடைய கண்களைப் பற்றி இந்த இடத்தில் நாலு வரி வரவேண்டும். ஆனால் அப்படியான வரிகளையெல்லாம் அம்புறோஸ் தன் பத்திரிகையில் ஏற்கெனவே கிழி கிழி என்று கிழித்திருந்தான். ஆகவே, கண்கள் இருந்தன. இரண்டு. இரண்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன... அவன் மேசையை விட்டு இறங்கினான். ஏன் இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

வஸீர் தன் கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றான். நல்ல சிநேகிதர்கள் அப்படித்தான்.

அவள் பெயர் அன்ரோனெற். ஓலைத்தொடுவாயில் வள்ளம் வைத்திருக்கிற அமிர்தநாயகத்தின் மகள். நானாட்டான் பக்கம், குளங்களுக்குப் பின்னாலுள்ள ஊர்களுக்கு மிட்வைவ். வயிற்றுப் பிள்ளைக்காரிகளின் வீடு வீடாகப் போவது வேலை. அங்கே பஸ் போகாது என்பதால் தகப்பனுடைய பழைய மோட்டச்சைக்கிளில் போவாள். போன கிழமை விடியப்புறம், நடு றோட்டில் படுத்திருந்த கழுதைக்கு வழிவிடப் போய் விழுந்தாள். கழுதை எழும்பவில்லை. கையில் தையல் போட்ட டொக்டர், ஒரு தோல் ஜக்கெற் போட்டிருந்தால் கீறலும் விழுந்திராது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அமிர்தநாயகம் அதைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை மகளின் உடம்பில் தோல் ஜக்கெற் இருந்தால் மோட்டச்சைக்கிள் சாவி. இல்லையென்றால் பஸ். பஸ்ஸில் போனால் ஊர்களுக்குள் போக முடியாது, போகாவிட்டால் அவளைப் பட்டினத்துக் கந்தோர் மேசை ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள்.

"மேசையில இருந்து பிள்ளைப்பேறு பாக்கேலாது" என்றாள்.

மூன்றையும் எடுத்துக் கொடுத்தான். முதலாவது சிவப்பு. முதுகு முழுக்க வெள்ளி நட்சத்திரம். இதைப் போட்டுக்கொண்டு போனால் மாதம் ஆகாத பிள்ளைகளும் பயத்தில் பிறந்துவிடும் என்று ஒதுக்கினாள். இரண்டாவது, கையெல்லாம் பிசிறு தொங்கும் மண்ணிறம். நகத்தால் ஒரு சுரண்டு. பழைய பஸ் சீற்றைப் போல உரிந்தது. "றெக்சின்." மூன்றாவது கறுப்பு. அதை மீன் வாங்குகிற மாதிரி வாங்கினாள். மணந்து பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்துணியை விலக்கித் தோள் தையலைப் பார்த்தாள்.

"இது நல்ல சாமான்."

இனி அளவு. யாகப்பர் கடையில் பெண்களின் உடம்பில் அளவுநாடா வைக்கிற வழக்கம் இல்லை. அளவுச் சட்டை ஒன்று கொண்டுவருவார்கள், அதைப் பார்த்து வெட்டுவார். தோல் ஜக்கெற்றுக்கு அளவுச் சட்டைக்கு எங்கே போவது... கடைசியில் நாடாவை அவளே பிடித்தாள். அவள் இலக்கத்தைச் சொல்ல அவன் கொப்பியில் எழுதினான். கம்பஸில் நாலு பக்கக் கட்டுரையை ஒரு மூச்சில் எழுதுகிறவன், 'பதினைஞ்சரை' என்பதை மூன்று தரம் வெட்டி எழுதினான்.

ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். தோள் சரி. கை மூன்று அங்குலம் நீளம். அவன் வெட்டுக்கு அடையாளம் போடச் சோக்கை எடுத்தான்.

"பொறுங்கோ. நான் நிண்டுகொண்டே ஓடுறனான்?"

அவள் கதிரையை மறுபக்கம் திருப்பிப்போட்டுச் சாய்மானத்தைப் பார்த்து ஏறியிருந்தாள். மூலையில் கிடந்த, கடை கூட்டுகிற தும்புத்தடியைக் குறுக்கே எடுத்து ஹாண்டிலைப் போல இரண்டு கையாலும் பிடித்து, முன்னுக்குச் சாய்ந்தாள். கை மேலே ஏறியது. இப்போது ஒன்றரை அங்குலம்தான் நீளம். மூன்றை வெட்டியிருந்தால் காற்று முழங்கை வரை போயிருக்கும்.

தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இவ்வளவு வடிவாக இருக்க முடியும் என்று அவன் எந்தப் பத்திரிகையிலும் எழுதியதில்லை.

ஒரேயொரு குறை. இரண்டு வருஷக் கடற்காற்றில் தோல் பலகையாகியிருந்தது. முழங்கை மடியவில்லை. இப்படியென்றால் பிறேக் பிடிக்க முடியாது. முதலில் இளக்கவேண்டும், பிறகுதான் கை குறைக்கலாம். என்ன பூசுவது என்று கேட்டாள்.

அம்புறோஸுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு பழகின பாதையிலேயே போனது.

"உங்கட அப்பா வள்ளத்துக்கு என்ன பூசுறவர்?"

"சுறா எண்ணெய்."

"பிறகென்ன. அதையே ரெண்டு பூச்சுப் பூசச் சொல்லுங்கோ."

மரண அறிவித்தல் முகம். கம்பஸ் என்றால் இருக்கிற வாங்குகளே சிரிப்பில் குலுங்கியிருக்கும். அவளோ தலையாட்டிவிட்டு, ஜக்கெற்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். அதை அவள் நம்பவா போகிறாள் என்று வஸீரிடம் சொல்லி அவன் தன் வெற்றியைக் கொண்டாடினான். வஸீர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழு பூனைகள் வந்தன.

கடைக்குள் ஒரு கடலே வந்ததுபோல இருந்தது. வஸீர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். அமிர்தநாயகம், வள்ளத்துக்குப் பூசுகிற அதே பக்தியோடு, உள்ளும் புறமுமாக இரண்டு பூச்சுப் பூசியிருந்தார். தோல் வாழையிலையாக இளகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். வரிசையில் இருந்த முதல் தாய் வாந்தியெடுத்தாள். அவளைப் பார்த்து இரண்டாவது. பிறகு வரிசையே எழும்பி வெளியே போனது. இனிமேல் அந்த உடுப்போடு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று அவளுக்கு மேலே உள்ள அதிகாரி சொல்லிவிட்டார். அமிர்தநாயகத்துக்கோ ஒரு மணமும் தெரியவில்லை. நாற்பது வருஷம் கடலில் நின்ற மூக்கு. ஜக்கெற் இல்லாமல் சாவி இல்லை என்பதில் மாற்றமுமில்லை.

"அப்பா மூண்டு தரம் கேட்டவர், ரெயிலர்தான் சொன்னவரோ எண்டு" என்றாள் அன்ரோனெற். "ஓம், அவருக்குத் தெரியும் எண்டு சொன்னனான்."

ஜக்கெற்றை மேசையில் வைத்தாள். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்து, பக்குவமாக வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

இப்படியான இடத்தில் மழை பெய்யவேண்டும். கதைகளில் பெய்யும். மன்னாரில் ஆவணியில் மழைக்கு வேலையில்லை. சோளகக் காற்று கொஞ்சம் மணலை வாரிக் கடைக்குள் போட்டது. அம்புறோஸ் அந்த மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனுடைய பகிடிக்கு யாரோ முதன்முதலாக விலை கொடுத்திருந்தார்கள்... அது அவனாக இருக்கவில்லை.

வஸீர் வந்து தோலை விரலால் தேய்த்துப் பார்த்தான். தவிடு போட்டுத் துடைத்தால் எண்ணெய் கழரும், மீதி மணம் வெயிலிலும் காற்றிலும்தான் போகும் என்றான்.

"கம்பியில போடவோ?"

"திரும்பப் பலகையாகும், மச்சான். ஒரு ஆள் போட்டுக்கொண்டு அசைஞ்சு திரியவேணும்."

"ஆர் போடுறது?"

வஸீர் அவனைப் பார்த்தான். கை இன்னும் குறைக்காத ஆம்பிளை அளவு ஜக்கெற்றைப் பார்த்தான். மறுபடியும் அவனைப் பார்த்தான்.

ஆகவே அன்று மத்தியானம், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடலைப் பிளந்துகொண்டு போகிற தாம்போதியில், தோல் ஜக்கெற் போட்ட ஒருவன் சைக்கிள் மிதித்தான். மூன்று மைல் வெட்ட வெளி. ஒரு மரம் இல்லை. போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. வரும்போது மற்றப் பக்கத்தால் தள்ளியது. கழுத்து வழியே வழிந்த வேர்வை சப்பாத்துக்குள் தேங்கியது. பசாரில் அவனைத் தெரியாத ஆளில்லை. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்கள். மூன்றாம் தரம் போகும்போது காவலரணில் நின்ற ஆமிக்காரப் பொடியன், "அனே மல்லி" என்று, ஐயோ தம்பி என்கிற சிங்களத்தில், தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மறுபடி தொடங்கினான். பதினொரு மணியிருக்கும், நானாட்டான் பஸ் அவனைத் தாண்டிப் போய்ச் சடாரென்று நின்றது. அன்ரோனெற் இறங்கினாள். ஞாயிறென்றும் பாராமல் ஒரு தாயைப் பார்க்கப் போய் வருகிறாள். பஸ், முழு யன்னல்களிலும் தலைகளோடு, மனமில்லாமல் போனது.

"என்ன செய்யிறீங்கள்?"

"காத்து வாங்குறன்."

"எத்தினை தரம்?"

"நேற்று ஆறு. இண்டைக்கு இது நாலாவது."

காற்று அவளுடைய தலைமயிரை முகத்தில் அடித்தது. அவன் சைக்கிளை விட்டு இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மிஸ், அந்தச் சுறா எண்ணெய்... நான் பகிடிக்குச் சொன்னனான்."

"தெரியும்." அவள் கடலைப் பார்த்தாள். "பூனையளைப் பாக்கேக்கை விளங்கிட்டுது. எல்லாரும் என்னைக் கண்டால் சிரிச்சுக்கொண்டுதான் கதைக்கிறவை, மோட்டச்சைக்கிள் ஓடுற பெட்டை எண்டு. நீங்கள் சிரிக்காமல் சொன்னீங்கள். அதுதான் நம்பினனான்."

அம்புறோஸின் முகம் முதன்முதலாக அவன் சொல்வதைக் கேளாமல் போனது.

"இனி உங்களோட சிரிக்காமல் கதைச்சால், அது உண்மையாத்தான் இருக்கும்."

"அப்ப ஒண்டு கேக்கிறன். தோல் ஜக்கெற் போடுறவன் ஒண்டில் பைத்தியக்காரன், இல்லாட்டி மற்றது எண்டனீங்கள்." இப்போது அந்த இரண்டு கண்களும் திரும்பின. "நீங்கள் எது?"

கீழே தண்ணீர் கல்லில் அடித்தது... அவனுக்கு நூறு மறுமொழி வந்தது. நூறும் பகிடி. ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டான்.

"பைத்தியம் இல்லை, மிஸ்."

அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. ஜக்கெற்றின் கையைப் பிடித்தாள். குனிந்து மணந்து பார்த்தாள்.

"சுறா போயிட்டுது. இப்ப உங்கட வேர்வைதான் மணக்குது."

"இன்னும் ரெண்டு தரம் ஓடினால் அதுவும் போயிடும்."

"வேண்டாம்." முகம் சிவந்துபோய் மற்றப் பக்கம் திரும்பினாள். "அது கிடக்கட்டும்... அதோட, மிஸ் எண்டு சொல்லாதேங்கோ. எனக்குப் பேர் இருக்கு."

அன்று பின்னேரம் முழுக்க இருந்து, விரலில் மூன்று இடத்தில் குத்துப்பட்டு, ஒன்றரை அங்குலம் குறைத்தான். ஒன்றரைதான்.

திங்கள் காலை ஆறரைக்கு, முதல்நாள் இரவே கொடுத்தனுப்பிய ஜக்கெற்றோடு, கடை வாசலில் மோட்டச்சைக்கிள் ஒன்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் பெருநிலப் பக்கம் பறந்தது. படியில் படுத்திருந்த பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு அமிர்தநாயகம் வந்தார். பெரிய மனிதர், சின்னக் கண்கள். அம்புறோஸ் எழும்பி நின்றான். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல எண்ணெய்தான் சொன்னனீர், தம்பி."

அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அது பகிடியா இல்லையா என்று அம்புறோஸுக்கு இன்றுவரை தெரியாது. தன்னுடைய வித்தையைத் தன் மேலேயே ஒருவர் இவ்வளவு சுத்தமாகச் செய்து அவன் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். மகள் வந்து ஏற்றிக்கொண்டு வருவாளாம். வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்டு. என்ர மோட்டச்சைக்கிள்ல தோல் போடாத ஒருத்தரும் ஏறேலாது."

கொழுவியில் மிஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்று றெக்சின்.

ஞாயிறு பன்னிரண்டு மணி. வஸீர் தன் கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். யாகப்பர் கடையிலிருந்து அம்புறோஸ் வெளியே வந்தான். சிவப்பு ஜக்கெற். முதுகு முழுக்க வெள்ளி நட்சத்திரம். வஸீர் வாயைத் திறந்தான்.

அம்புறோஸ் சிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, நிழலை விட்டு இறங்கி, வெயிலில் போய் நின்றான்.