இறைத்த காசு

லேப்டாப் ஆட்டத்தில் குகைக்குள் இருந்த பூதத்தை ஹேமலதாவின் வில்லாளி தனியாகத்தான் வீழ்த்தினாள். தரையெல்லாம் பொற்காசு சிதறியது. பைக்குள் வந்து விழுந்ததோ அதில் பாதிதான். அணியாகச் சேர்ந்து ஆடினால் பக்கத்தில் நிற்கிற கூட்டாளிக்கும் சமபங்கு போய்விடும், அது அந்த ஆட்டத்தின் விதி. ஆனால் இன்று அவளோடு யாரும் ஆடவில்லை. இன்னொரு பூதத்தை அடித்துப் பார்த்தாள், அப்போதும் பாதிதான். என்ன எழவு இது என்று லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி திறந்து ஆடினாள். மாறவில்லை.

வெளியே மாலை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கருவடிக்குப்பத்து மாடி வீட்டில் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததால், கொடியில் காயாத துணியின் நாற்றமும், உள்ளறையில் படுத்திருந்த கலைவாணனுக்குத் தேய்த்துவிட்ட தைலத்தின் நெடியும் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அவள் புருஷனுக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படி இறங்கக்கூடாது, எதற்கும் பதறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் சேர்க்கிற காசை வெளிநாட்டில் ஆடுகிறவர்களுக்கு விற்றுத்தான் இவள் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் பிழைத்துக் கிடந்தால் போதும், எந்தச் சாமியிடமும் வேறெதையும் கேட்கமாட்டேன் என்பதுதான் அவளுடைய வேண்டுதல்.

அதற்காகத்தான் நேற்று அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் அணியில் ஆடிக்கொண்டிருந்த குருசுக்குப்பத்துச் செல்வகுமார் போன வாரம் பைக்கில் அடிபட்டுச் செத்துப்போனான். கூட ஆடிய பிள்ளைகள் அவனுக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஊர்வலம் எடுத்தார்கள். சவத்துக்கு முன்னால் பூவும் பொரியும் சில்லறையும் இறைப்போமே, அதைப்போலவே கோட்டை வாசலிலிருந்து இடுகாடு வரைக்கும் ஆளாளுக்குப் பொற்காசை இறைத்துக்கொண்டு போனார்கள். ஊர்வலம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஹேமலதா மட்டும் திரும்பி வந்தாள். வழி நெடுகக் கிடந்ததை ஒன்று விடாமல் பொறுக்கினாள். செத்தவனுக்கு இறைத்ததைத் தொடக்கூடாது என்று தெரியாதவளா அவள்? திரைக்குள் இருக்கிற காசுக்கு என்ன தீட்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏது இவ்வளவு என்று கலைவாணன் கேட்டதற்கு, பெரிய பூதம் ஒன்று மாட்டியது என்று புளுகினாள்.

இப்போது அந்தப் பாதிப் பங்கு யாருக்குப் போகிறது என்ற சந்தேகம் வந்தது. செல்வகுமாரின் தெருவிலேயே இருக்கும் லோராவும் அதே அணிதான். அவளுக்குப் போன் போட்டு, செல்வகுமாரின் பேரில் வேறு யாராவது ஆடுகிறார்களா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"யாருக்கா ஆடுவா? அவன் ஆடுற போனை அவங்கம்மா குழியிலயே வெச்சுட்டாங்க. அவன் கையில குடுத்துதான் மூடுனாங்க," என்றாள் லோரா.

ஹேமலதா போனை வைத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று வில்லாளியை அந்தப் பாதைக்கே நடத்திப்போய், பையைத் திறந்து எல்லாவற்றையும் மண்ணில் கொட்டினாள். "எடுத்துக்கப்பா. தெரியாம செஞ்சிட்டேன்," என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். தெரிந்துதான் செய்தாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஆளில்லாத பாதையில் காசு ஒன்று மறைந்தது. கிணிங் என்றது. பிறகு அதற்கடுத்தது. யாரோ குனிந்து நிதானமாக ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிற மாதிரி, பாதையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை காசுகள் மறைந்துகொண்டே வந்தன. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள் பையைப் பார்த்தாள். கூட்டாளி பொறுக்கியதில் பாதி அவளுக்கே வந்து சேர்ந்திருந்தது. மறுபடி கொட்டினாள். மறுபடியும் பாதி வந்தது. கொட்டக் கொட்ட அவன் பங்கு வைத்துக்கொண்டே இருந்தான்.

சத்தத்தையாவது நிறுத்தலாம் என்று லேப்டாப்பின் ஒலியை அடியோடு குறைத்தாள்.

கிணிங்.

அது லேப்டாப்பிலிருந்து வரவில்லை. வெளியே, மாடிப்படியின் அடியில் கேட்டது.

கிணிங். கொஞ்சம் மேலே.

கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. சத்தம் கதவுக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. கதவைத் தாண்டி உள்ளே வந்தது. ஈர மண் வாடை. வாடிய சாமந்தி. ஊதுபத்தி. அவள் நாற்காலியை ஒட்டி ஏதோ கடந்துபோனது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. போய்விடு, போய்விடு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

திரையில் கடைசியாகக் கிடந்த காசுகள் மறைந்தன. பங்கு வந்தது. இந்த முறை பாதி இல்லை.

மூன்றில் ஒன்று.

மூன்று பேர். அவள். அவன். இன்னொருவர் யார்?

"ஏங்க?"

உள்ளறையை நோக்கிக் கூப்பிட்டாள். "ஏங்க, தூங்கிட்டீங்களா?"

ஓடினாள். விளக்கைப் போட்டாள்.

ஒருக்களித்துப் படுத்திருந்தவன் இப்போது மல்லாந்து நேராகக் கிடந்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தாடையைச் சுற்றி உச்சந்தலைக்கு ஒரு கட்டு. நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். சந்தனத்தில் ஒரு பொற்காசு.

ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன. இரண்டிலும் நீர் வழிந்தது. கட்டிய வாய்க்குள்ளிருந்து ஏதோ முனகினான். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

உயிர் இருக்கு. என் தெய்வமே, உயிர் இருக்கு. முதலில் அந்தச் சனியனை எடுத்து வீச வேண்டும். நெற்றியிலிருந்து காசைப் பிடுங்கினாள்.

ஏறிய நெஞ்சு இறங்கியது. மறுபடி ஏறவில்லை. கண்கள் அவளைப் பார்த்தபடியே நின்றுபோயின.

"ஏங்க."

காசை வீசக் கையை ஓங்கினாள். விரல்கள் விரியவில்லை. இடது கையால் பிரித்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். விரியவில்லை. இறுக மூடிய கைக்குள் காசு வெதுவெதுப்பாக இருந்தது. துடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.