சொல்துணை

விருதுநகரில் கை மடங்கி வாய் கோணிய ஆளைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. எண்ணெய்ப் பரோட்டாவுக்கு மட்டும் பேர் வாங்கியிருந்த ஊர் இது. இப்போது மூளையில் ரத்தக்கசிவு என்றால் ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். திரும்பும்போது பரோட்டாவையும் விடுவதில்லை.

எல்லாம் தலையில் மாட்டும் தளிர்க்கவசத்தின் புண்ணியம். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தால், கசிந்த இடம் மட்டும் சாவதில்லை. சிந்திய ரத்தத்தில் இருக்கும் இரும்பு சுற்றியுள்ள செல்களைச் சுடும். வீக்கத்தைக் கிளப்பும் மரபணுக்கள் எழுந்து ஆடும். செல்லோடு செல் பேச உதவும் மரபணுக்கள் அடங்கிப்போகும். அந்தக் கலவரத்தில், பால்குடி வயதோடு தூங்கிவிட்ட சில மரபணுக்கள் மட்டும் இரண்டு நாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அவற்றைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதுதான் கவசத்தின் வேலை. எத்தனை நாள் முடியும் என்று கணக்குப் பார்த்தார்கள். சரியாக நாற்பத்தெட்டு வந்தது. ஒரு மண்டலம். இதைத்தான் நாங்கள் ஆதியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று ஊரே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.

அந்த நாற்பத்தெட்டு நாளும் நோயாளியின் மூளை குழந்தையின் மூளை. நடை, பேச்சு, எழுத்து எல்லாம் திரும்ப ஏறும். ஒன்று மட்டும் வராது. கசிவில் மூழ்கிய நினைவு மூழ்கியதுதான். அதற்காகத்தான் சொல்துணை என்று ஒருவரை உட்கார வைப்பார்கள். நோயாளியின் வாழ்க்கையை அவருக்கே எடுத்துச் சொல்வது சொல்துணையின் பொறுப்பு. தளிர்த்த செல்கள் கேட்டதையே கண்டதாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லும் பதியும்போது கவசத்தின் திரையில் பச்சைப் புள்ளிகள் பூக்கும். மெய்யைக் கேட்டாலும் பொய்யைக் கேட்டாலும் பூப்பது ஒரே புள்ளிகள்தாம். அதனால், 'உள்ளதை உள்ளபடி சொல்வேன்' என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சிவரஞ்சனியும் அப்படி எழுதிக் கொடுத்தாள். பருப்பு ஆலையில் தரம் பார்க்கிறவள் அவள். மூட்டைக்குள் ஒரே ஒரு கல் கிடந்தாலும் அவள் கைக்குத் தெரிந்துவிடும். கணவன் கோகுலனுக்குக் கசிவு வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. நல்லவன் என்று சொல்ல ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பான். விருந்தாளி முன்னால் குழம்பைக் குறை சொல்வான். கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். ஒரே மகள் நன்முகை எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டால் விழிப்பான்.

உள்ளதைச் சொல்லத்தான் அவளும் உட்கார்ந்தாள். ஆனால் மூன்றாம் நாள், பேச்சு திரும்பிய கோகுலன் கேட்ட முதல் கேள்வி அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் உங்கள எப்படிக் கூப்பிடுவேன்?"

சிவரஞ்சனி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவளுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

"ரஞ்சனின்னு," என்றாள். "ஆசையா, ரஞ்சனின்னு கூப்பிடுவீங்க."

திரை முழுக்கப் பச்சை பூத்தது.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. மூட்டை மூட்டையாகப் பருப்பில் கல் பொறுக்கிய கை அல்லவா, ஒரு வாழ்க்கையையே பொறுக்கிச் சுத்தமாக்கினாள். காலையில் முதல் டீ அவன்தான் போடுவான் என்றாள். மகளின் பள்ளி விழா ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை என்றாள். கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டு, ஆறியதும் இறங்கி வருவானாம். நன்முகை ஒருநாள் இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துப் போய், எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று சண்டை பிடித்தாள். சிவரஞ்சனி அசரவில்லை.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. பண்ணுன கல்யாணத்த நேராக்க நான் நூறு சொல்லக் கூடாதாடி?"

நாற்பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்த கோகுலனைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது. காலையில் டீ போட்டான். மனைவியின் பேரை வாய் நிறையச் சொன்னான். ஒருமுறை அவனுக்குக் கோபம் வந்தது. மாடிக்குப் போய்விட்டு வந்தான். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, எங்க வீட்டுக்காரருக்கும் லேசா ஒரு கசிவு வரக் கூடாதா என்று கேட்டேவிட்டாள். சிவரஞ்சனியின் நடையே மாறியது. தலை நிமிர்ந்து நடந்தாள். யாரிடமும் எதையும் உடைத்துச் சொல்ல முடியாதே என்பது மட்டும்தான் அவள் குறை. மாடியில் துணி காயப்போடும்போது மகளிடம் மட்டும் வாய்விட்டாள்.

"ஊரே அந்த ஆராய்ச்சிக்காரங்களக் கொண்டாடுது. அவங்க கையத்தான் நிமித்துனாங்க. நான் ஒரு மனுசனையே நிமித்தியிருக்கேன். வாழ்க்கையில நான் செஞ்ச பெரிய காரியம் இதுதான். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், ஞாபகம் வச்சுக்க."

நன்முகைக்கு அன்று அம்மாமேல் வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. படித்துப் பட்டம் வாங்கிய யாரும் செய்யாததை, பருப்பு ஆலைக்காரி ஒருத்தி வெறும் வாயால் செய்துவிட்டாள்.

போன சித்திரையில் சிவரஞ்சனி ஆலையிலேயே மயங்கி விழுந்தாள். அவளுக்கும் கசிவு. உயிருக்குப் பயமில்லை, கவசம் மாட்டிவிட்டோம், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகான நினைவு முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர் பிளெஸ்ஸி. சொல்துணையாகக் கணவன் உட்காருவதுதான் வழக்கம். மகள் உட்கார விரும்பினால் இப்போதே சொல்லலாம் என்று படிவத்தை நன்முகையின் கையில் கொடுத்தார்.

நன்முகை பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் உட்கார்ந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். 'ஏய்' என்ற இருபத்தைந்து வருஷத்தையும், பறந்த தட்டுகளையும் ஒவ்வொன்றாக அம்மாவின் பச்சை மூளைக்குள் போட வேண்டும். அம்மா அதையெல்லாம் இன்னொரு முறை புதிதாகப் பட வேண்டும். அப்படிப் பட்டால்தான் அவள் செய்த பெரிய காரியமும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒன்றை விட்டு ஒன்று வராது.

கோகுலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "நான் சொல்றேம்மா அவளுக்கு. கல்யாணத்துலருந்து ஒவ்வொண்ணும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு," என்றான்.

அம்மா பட்டது போதும் என்று நன்முகைக்குத் தோன்றியது. படிவத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

நாற்பத்தெட்டு நாளும் கோகுலன் நாற்காலியை விட்டு நகரவில்லை. முதல் டீயைச் சொன்னான். பள்ளி விழாக்களைச் சொன்னான். திரையில் பச்சை பூத்துக் குலுங்கியது. இந்த ஊரில் எழுதிக் கொடுத்த வாக்கைச் சுத்தமாகக் காப்பாற்றிய சொல்துணை அவன் ஒருவன்தான். ஒரு சொல்கூட அவன் அறிந்து பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து நிறைந்தார்கள். சிவரஞ்சனியின் நடையிலோ பேச்சிலோ ஒரு குறை இல்லை. ஒரு தாய்க்கு இருக்க வேண்டிய நிறைவோடு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் நெற்றியில் இருந்த தழும்பைத் தடவினாள்.

"ஊஞ்சல்ல இருந்து விழுந்தப்போ உங்கப்பாதான் உன்னத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு," என்று வந்தவர்களிடம் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் ஊஞ்சலே இருந்ததில்லை. எட்டு வயதில், எவர்சில்வர் டம்ளர் வந்து விழுந்த இடம் அது.

வந்தவர்கள் போனதும் நன்முகையால் அடக்க முடியவில்லை. தட்டையும் டம்ளரையும் அவள் சொல்ல வரவில்லை. அம்மாவின் பெருமையை மட்டுமாவது அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தாள்.

"அம்மா, அப்பாவ இப்படி ஆக்குனதே நீதான். ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்து நீதான் ஆக்குன."

சிவரஞ்சனி சிரித்தேவிட்டாள். அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கணவனைப் பெருமை பொங்கத் திரும்பிப் பார்த்தாள்.

"நானா? நான் என்னடி செஞ்சேன்? நல்ல குணமெல்லாம் சொல்லிக் குடுத்தா வரும்? அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும்."